மார்கழிக்குள் தோற்றுவிடும் என்றார்கள்

இன்னது நடக்கும் என்று எழுதுகிறவனுக்கு இன்னது நடக்கும் என்று தெரியும். போன வருடம் ஆவணி மாதம் வரை நான் இதை நம்பினேன். அதுவும் அமெரிக்காக்காரன் எழுதினால் கம்ப்யூட்டரைக் கேட்காமல் எழுதமாட்டான் என்று கூடுதலாக நம்பினேன். நம்பியவன் ஒன்றும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்ல. ஐம்பத்திரண்டு வயதுக்காரன். நாமக்கல்லில் கோழித்தீவனக் கடை வைத்துக்கொண்டு, நாளைக்கு முட்டை விலை ஏறுமா இறங்குமா என்று தினமும் காலையில் ஆரூடம் சொல்லி, மறுநாள் காலையில் அசடு வழிகிறவன். நான் மட்டுமில்லை, எங்கள் ஊர் டீக்கடைகளில் பெஞ்சுக்கு நாலு பேர் முட்டை ஜோசியர்கள்தான். சொன்னது நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. நடந்து முடிந்த பிறகு ஏன் அப்படி நடந்தது என்பதை மட்டும் எல்லோரும் பிசகில்லாமல் சொல்லிவிடுவோம்.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்த நான், கடல் கடந்து எவனோ எழுதிய ஆரூடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்ற மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்தேன்.

மகள் ஒரே மகள். அமெரிக்காவில், ஏரிக்கரையில் இருக்கும் ஒரு குளிரூரில் வேலை பார்க்கிறாள். அதே ஆபீசில் வேலை செய்யும் அந்த ஊர்ப் பையனைப் பிடித்துப்போயிற்று. வைகாசியில் அங்கேயே ஒரு ஆபீசில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பையனின் அப்பா அம்மா பக்கத்தில் நின்றார்கள். நாங்கள் போனில் பார்த்தோம். பார்த்து முடித்ததும் என் மனைவி, கையெழுத்துப் போட்டால் பத்திரம்தான் ஆகும், கல்யாணம் ஆகாது என்று சொல்லிவிட்டு அரிசி கழுவப் போய்விட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. சொந்தபந்தம் கூடி, மேளம் கொட்டி, மோகனூரில் காவிரிக்கரை மண்டபத்தில் தாலி ஏறினால்தான் எங்களுக்குக் கல்யாணம்.

அந்தச் சொந்தபந்தம் என்பது நூறு வீடு என்றாலும் உண்மையில் ஒரே ஆள்தான். என் அண்ணன். சங்ககிரியில் லாரி ஓட்டுகிறவராக ஆரம்பித்து லாரி வைத்திருக்கிறவராக ஆனவர். எங்கள் அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. அதற்குப் பிறகு எனக்கு அப்பாவும் அவர்தான். என் மகளுக்குத் திருச்செங்கோட்டு மலையில் மொட்டையடித்தபோது, காரில் போகலாம் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல், அவளைத் தோளில் வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறினார். அதிகம் பேசமாட்டார். வியாழக்கிழமை லோடு விஜயவாடாவில் இறங்கும் என்று சொன்னால் வியாழக்கிழமை இறங்கும். மழை பெய்தது, டயர் வெடித்தது என்ற பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. நான் அதற்கு நேர்மாறு. நான் வாயைத் திறந்தால் பாதி சிரிப்பு, மீதி பொய் என்று அவரே சொல்லுவார்.

கையெழுத்து விஷயம் தெரிந்ததும் அவர் என் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். ஆனி மாதம் முழுக்க நான் சங்ககிரிக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ஒரு நாள், லாரி அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டே பேசினார்.

"பையனைப் பெத்தவரு நேர்ல வந்து, நம்ம சனத்து முன்னால தட்டு மாத்தோணும். அவரு வந்தா நானும் வாரேன். இல்லீன்னா என்னையக் கூப்புடாத."

அவ்வளவுதான். அவர் வரவில்லை என்றால் சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் ஒரு வீடும் வராது. அதுகூடப் பரவாயில்லை. இதைக் கேட்ட மகள் போனில், பெரியப்பா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம்ப்பா, அந்தக் கையெழுத்தே போதும் என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இல்லை.

ஆக, சம்பந்தி வந்தால் அண்ணன் வருவார். அண்ணன் வந்தால் கல்யாணம். கணக்கு சுலபமாக இருந்தது. சம்பந்தியை எப்படியாவது கொண்டுவந்து நிறுத்திவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு, சம்பந்திக்கு நேர்ந்துகொண்டு அலகு குத்திக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

சம்பந்தி நல்ல மனிதர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறரை அடி உயரம், நெஞ்சு வரைக்கும் தாடி. போனில் பார்த்தால் படத்துக்கு வெளியேயும் ஆள் மிச்சம் இருப்பது தெரியும். வருகிறேன் என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவர்கள் ஊர்க் கால்பந்து அணி ஆடிக்கொண்டிருக்கும் வரைக்கும் ஊரை விட்டு நகரமாட்டாராம்.

அது நாம் நினைக்கிற கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். தலையில் இரும்புக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, வாடிவாசலில் இருந்து அவிழ்த்துவிட்டது போல ஒருவன் மேல் ஒருவன் பாய்கிறார்கள். நம்மூர்க் கணக்கில் ஆவணிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் வாராவாரம் ஆட்டம். முப்பத்திரண்டு அணி. மார்கழி பாதியில் பதினெட்டு அணியைக் கழித்துவிட்டு, மிச்சம் பதினாலு அணி மேலே போகும். அதற்குப் பிறகு தோற்றவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகவேண்டியதுதான். சம்பந்தியின் அப்பா அந்த மைதானத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை வாங்கி வைத்திருந்தாராம். ஒன்றில் அவர், ஒன்றில் மகன். அப்பா இறந்த பிறகும் இவர் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பனி கொட்டினாலும் போய் உட்கார்ந்திருக்கிறார். அணி கோப்பை எடுக்கிற வருடம் மட்டும் அந்த இருக்கையில் நீ இல்லாமல் போய்விடாதே என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதை மகள் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை.

எங்கள் ஜோசியர் இரண்டு நாள் கொடுத்திருந்தார். ஒன்று ஐப்பசியில், ஒன்று தை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை. மகளுக்கும் மருமகனுக்கும் ஒன்றாக லீவு கிடைப்பதும் அந்த இரண்டு சமயத்தில்தான். ஐப்பசியில் வாராவாரம் ஆட்டம், சம்பந்தி வரவே மாட்டார். தையில் வருவார், அணி அதற்குள் கழிந்து போயிருந்தால்.

கழியுமா? அங்கேதான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

ஆவணியில் அமெரிக்காவில் இதுதான் வேலை போல. இந்த வருடம் எந்த அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும், எது மேலே போகும், எது குப்புற விழும் என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றையும் போனில் தமிழாக்கிப் படித்தேன். சிலதைக் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, தீவன மூட்டை மேல் பரப்பி வைத்துப் படித்தேன். சம்பந்தியின் அணியைப் பற்றி ஒருத்தன்கூட நல்லதாக எழுதவில்லை. பந்தை எறிகிற முக்கியமான ஆளுக்கு முழங்கால் போய்விட்டது, புதிதாக வந்தவன் பச்சைப் பிள்ளை, முன்னால் நின்று தடுக்கிறவர்கள் வயதானவர்கள், பயிற்சியாளரை மார்கழிக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருவன் முப்பத்திரண்டில் முப்பத்தோராவது இடம் கொடுத்தான். அவனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. முப்பத்திரண்டாவது கொடுத்த இன்னொருவனைக் கடவுளாகவே நினைத்தேன்.

இருந்தாலும் நான் கவனமான ஆள். சம்பந்தியிடமே கேட்டுவிடலாம் என்று மகளை நடுவில் வைத்துக்கொண்டு கேட்டேன். இந்த வருடம் உங்கள் அணி எப்படி? அவர் தாடியைத் தடவிக்கொண்டு பெருமூச்சு விட்டார். எல்லா வருடமும் போலத்தான், கார்த்திகைக்குள் என் நெஞ்சை உடைத்துவிடுவார்கள், தையில் நான் தாராளமாக வரலாம் என்றார். ஆனால் ஒருவேளை ஆடிக்கொண்டிருந்தால் வரமாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் என் காதில் விழுந்தது. தங்கவில்லை.

இங்கேதான் நான் செய்த மடத்தனம். கோழிப்பண்ணைக்காரர் ஒருவரிடம், கோழியெல்லாம் நன்றாக முட்டை போடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். "என்னமோ போடுதுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார். பண்ணையில் முட்டை அடுக்க அட்டை பத்தாமல் வாங்கிவர ஆள் அனுப்பியிருப்பார். மரவள்ளிக் கிழங்கு போட்டவரிடம் விளைச்சல் எப்படி என்றால், "எங்கீங்க, எல்லாம் போச்சு" என்பார். நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் கண்பட்டுவிடும். இருபத்தைந்து வருடமாக இந்தப் பெருமூச்சுகளைக் கேட்டு, எந்தப் பெருமூச்சுக்கு எத்தனை மூட்டை தீவனம் போகும் என்று அளந்து பிழைப்பவன் நான். அதே பெருமூச்சை ஒரு வெள்ளைக்காரர் விட்டதும், ஐயோ பாவம், உண்மையைச் சொல்கிறார் என்று நம்பிவிட்டேன்.

தை இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம் என்று முடிவானது. மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, நாளைக்கு முட்டை வெல என்னன்னு ஒரு நாளாச்சும் சரியாச் சொல்லியிருக்கறீங்களா? எவனோ பந்து வெளையாடறவன் செயிப்பானா தோப்பானான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

நானா சொல்கிறேன், கம்ப்யூட்டர் சொல்கிறது என்றேன். மோகனூரில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அதே சூட்டோடு சங்ககிரிக்குப் போய், சம்பந்தி வருகிறார் என்று அண்ணனிடம் சொன்னேன். அணி ஆடினால் வரமாட்டார் என்பதைச் சொல்லவில்லை. பந்து விளையாட்டைப் பார்க்க மகன் கல்யாணத்துக்கு வராமல் போகிற அப்பனைப் பற்றி அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டிய அவசியமே வராது என்றும் நினைத்தேன். முப்பத்திரண்டாவது இடம் கொடுத்திருக்கிறார்களே.

ஆட்டம் தொடங்கியது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுவது நமக்குத் திங்கட்கிழமை விடிகாலையில் முடியும். முதல் மூன்று வாரமும் அணி தோற்றது. மூன்றாவது திங்கள் ஜாங்கிரி வாங்கி வந்து கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மகளுக்கு நல்ல செய்தியா என்று கேட்டார்கள். ஆமாங்க, பெரிய கண்டம் தாண்டுது என்றேன். கம்ப்யூட்டரை நினைத்து ஒரு கும்பிடும் போட்டேன்.

நாலாவது வாரம் ஜெயித்தார்கள். போகட்டும், அவர்களும் பிள்ளைகள்தானே என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரமும் ஜெயித்தார்கள். ஐப்பசி முழுக்க மழை, முழுக்க வெற்றி. அந்தப் பச்சைப் பிள்ளை எறிகிற பந்தெல்லாம் போய்ச் சேர வேண்டிய கையில் சேர்ந்தது. முழங்கால் போனவனே திரும்பி வந்தாலும் இவனை எடுக்கமாட்டார்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். யார் எழுதினார்கள்? முப்பத்திரண்டாவது இடம் கொடுத்த அதே ஆள்தான். ஏன் ஜெயிக்கிறார்கள் என்பதற்கு அவன் பதினோரு காரணம் வரிசையாக எழுதியிருந்தான். அத்தனையும் பொருந்தியிருந்தது. எங்கள் டீக்கடையில் கொண்டுவந்து உட்கார வைத்தால் ஒருவருக்கும் அவன் வேற்றாளாகத் தெரியமாட்டான்.

ஒவ்வொரு வாரமும் எதிரணி எதுவோ அதற்கு நான் வெறித்தனமான ரசிகனானேன். ஊர் பேர் தெரியாத அணியின் தடுப்பாட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு பண்ணைக்காரரோடு தீவன விலை பேசினேன். அணி தோற்க வேண்டும் என்று சனிக்கிழமை விரதம் இருந்தேன். மகளுக்குத் திங்கள் காலையில் போன் செய்து, என்னாச்சு கண்ணு என்று கேட்பேன். ஜெயிச்சுட்டாங்கப்பா என்பாள். நான் ஓ என்பேன். மாமனார் போட்ட நிபந்தனையைப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா என்று அவள் கேட்டதில்லை. சொல்லியிருப்பேன் என்று நம்பிவிட்டாள்.

வாராவாரம் நான் விசாரிப்பது சம்பந்திக்கு எட்டியிருக்கிறது. எட்டாயிரம் மைல் தாண்டி, அவர் அணிக்காக உருகுகிற ஒரு உயிர் நாமக்கல்லில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டதாக மகள் சொன்னாள். கார்த்திகையில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே கம்பளித் தொப்பி, உச்சியில் குஞ்சம், நெற்றியில் அணியின் சின்னம். அதைப் போட்டுக்கொண்டு வீடியோவில் வரச் சொன்னார். வந்தேன். வேர்வை கண்ணில் இறங்க, மனசுக்குள் நாசமாய்ப் போக என்று சொல்லிக்கொண்டே, வெளியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பக்கத்தில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

அதே கார்த்திகையில் பத்திரிகை அடிக்கும் வேலை வந்தது. மாதிரியைக் காட்ட சங்ககிரிக்குப் போனேன். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு சம்பந்தியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, வருகிறார் அல்லவா என்று ஒரு தடவை கேட்டார். அப்போது சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? டிக்கெட்டே போட்டாயிற்று என்றேன். ஆள் அகலமாக இருப்பதால் பிளேனில் இரண்டு சீட்டுக் கேட்கிறார்களாம் என்று ஒரு சிரிப்பு வெடியும் போட்டேன். அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பொய்யைத் திரும்ப எடுக்கத் தெம்பு வரவில்லை.

மார்கழியில் அணி மேலே போகும் பதினாலில் ஒன்றாகத் தேறிவிட்டது. அடுத்த நாள் காலை நேராகக் கோயிலுக்குப் போனேன், பூக் கேட்பதற்கு. எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன்னால் போட்டு, பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். பூசாரி காரியம் என்ன என்று கேட்டார். அமெரிக்காவில் ஒரு அணி தோற்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கல்யாணக் காரியம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மனசுக்குள் மட்டும் அணியின் பெயரைத் தெளிவாக மூன்று தடவை சொன்னேன். வெள்ளை வந்தது. கோயிலைச் சுற்றி ஓடாத குறை. அடுத்த ஞாயிறு அணி ஜெயித்தது.

திரும்பப் போய்ப் பூசாரியிடம் சண்டை பிடித்தேன். அவர் சாவகாசமாகத் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கல்யாணத்துக்குத்தானுங்களே கேட்டீங்க. கல்யாணம் நடக்கும். அதுக்கு மேல சாமிகிட்ட என்னத்தக் கேட்டீங்கன்னு எனக்கு எப்புடீங்க தெரியும்?"

இனி இரண்டே வழி. பொங்கல் முடிந்து வருகிற ஞாயிறு ஆட்டத்தில் தோற்றால் சம்பந்தி செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுவார், வியாழக்கிழமை கோயமுத்தூரில் இறங்குவார், எல்லாம் சுபம். ஜெயித்தால் அதற்கடுத்த ஞாயிறு மாலை ஆட்டம். அமெரிக்காவின் ஞாயிறு மாலை என்பது நம் திங்கள் காலை. சரியாக முகூர்த்த நேரம். பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. முகூர்த்தக்கால் நடுவதற்கு ஆள் சொல்லியாயிற்று. மகளும் மருமகனும் அவன் அம்மாவும் பொங்கலுக்கே வந்து இறங்கிவிட்டார்கள். அந்த அம்மா என் மனைவியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். கணவரைப் பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவருக்குப் பழகியிருக்கும்.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை காலை கடையைச் சீக்கிரமாகத் திறந்து, தராசு மேல் போனைச் சாய்த்து வைத்து ஆட்டத்தைப் பார்த்தேன். பக்கத்தில் முட்டை வியாபாரி ஒருவர், என் பழைய கூட்டாளி. விஷயம் முழுக்கத் தெரிந்த ஒரே வெளியாள். ஆட்டத்தின் சட்டம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நாலு மாதம் பார்த்தும் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீலச்சட்டை நம் சம்பந்தி, வெள்ளைச்சட்டை நம் குலதெய்வம். தீவனம் வாங்க வந்த மூன்று பேரும் என்னவோ ஏதோ என்று நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசி நிமிடம். நீலம் இரண்டு புள்ளி முன்னால். பந்து வெள்ளையிடம். வெள்ளைச்சட்டையில் ஒல்லியான ஒருவன் வந்தான். அவன் காலால் பந்தை உதைத்து இரண்டு கம்பத்துக்கு நடுவே அனுப்பிவிட்டால் வெள்ளை ஜெயித்துவிடும், ஆட்டம் முடிந்துவிடும் என்று கூட்டாளி எப்படியோ கண்டுபிடித்துச் சொன்னார். இத்தனை மாதத்தில் கால் உபயோகப்பட்டதாக நான் கவனித்த ஒரே இடம். நான் கண்ணை மூடவில்லை. கை கூப்பிக்கொண்டேன். அந்தப் பிள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவன் அப்பா அம்மா நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உதைத்தான். பந்து போன உயரமும் வேகமும் பார்த்து, வந்துவிட்டார் சம்பந்தி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பந்து வலது கம்பத்தில் பட்டுத் திரும்பி மைதானத்திலேயே விழுந்தது.

நீலச்சட்டைகள் குதித்தார்கள். தீவனம் வாங்க வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். கூட்டாளி போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"போய் அண்ணங்கிட்டச் சொல்லிருங்க. இன்னைக்கே சொல்லிருங்க" என்றார்.

வீட்டுக்குப் போவதற்குள் சம்பந்தி வீடியோவில் வந்துவிட்டார். மைதானத்திலிருந்தே பேசினார். தாடியெல்லாம் பனி. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதன்மேல் தன் அப்பாவின் பழைய கோட்டைப் போட்டு வைத்திருந்தார். அழுதுகொண்டே சிரித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள், ஆவணியிலேயே சொன்னேன் அல்லவா என்றார். மகள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு, போனை மருமகனிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். நான் பின்னால் போனேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பெரியப்பாவுக்கு இது தெரியும்தானேப்பா?"

இல்லை சாமி என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு வழியாகச் சங்ககிரிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். வண்டியில் போகும்போதே என்ன சொல்வது என்று நாலைந்து விதமாகத் தயார் செய்தேன். விசா கிடைக்கவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது. பனியில் விமானம் கிளம்பவில்லை. கடைசியாகச் சொன்னது நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது அதை வைத்து ஒரு வெடிகூட யோசித்து வைத்திருந்தேன்.

அண்ணன் லாரிப் பட்டறையில், ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்தார். நான் வாயைத் திறந்தேன். பனியும் வரவில்லை, இடுப்பும் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பந்து, இருக்கை, செத்துப்போன அப்பாவின் கோட்டு, முப்பத்திரண்டாவது இடம், டிக்கெட் போடவே இல்லை என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல, இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முடித்ததும் அண்ணன் கேட்டார்.

"ஆடுனா வரமாட்டேன்னு அவரு எப்பச் சொன்னாரு?"

"ஆவணியிலீங்கண்ணா."

"வருவாருன்னு நீ எங்கிட்ட எப்பச் சொன்ன?"

"அதும் ஆவணியிலதானுங்க."

"டிக்கெட்டுப் போட்டாச்சுன்னு சொன்னது?"

"கார்த்திகையிலீங்க."

சொம்பை எடுத்து மிச்சம் இருந்த மோரை மண்ணில் ஊற்றினார்.

"அந்த மனுசன் ஒரே பேச்சாப் பேசியிருக்கறாரு. செத்துப்போன அப்பனுக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தறாரு. அவரு மேல எனக்கு ஒண்ணுமில்ல. புள்ள கல்யாணத்துக்கு நான் வாரேன். நீ எங்கூடப் பேச வேண்டாம்."

அண்ணா என்றேன். அவர் எழுந்து லாரிப் பக்கம் போய்விட்டார். கொஞ்ச நேரம் அந்த டயருக்குப் பக்கத்தில் நின்றேன். பட்டறையில் வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்க்காதது போலப் போல்ட்டுகளைத் திருகிக்கொண்டிருந்தார்கள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

தை மாதம் இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள், மோகனூரில் கல்யாணம் நடந்தது. சங்ககிரியிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆள் வந்தார்கள். பையன் பக்கத்தில் அவன் அம்மா மட்டும் நின்றார். பெண் பக்கத்தில் நின்று அவரோடு தட்டு மாற்றியது அண்ணன். மகள் அவர் காலில் விழுந்தபோது அவர் அவளை எழுப்பி, தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பந்தியில் சாப்பிட்டார், எல்லோரோடும் பேசினார், வெற்றிலை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சம்பந்தியின் அணி அன்றைக்கு அதே நேரத்தில் தோற்றுவிட்டது. இப்போது சித்திரை பிறந்துவிட்டது. அண்ணன் இன்னும் என்னோடு பேசவில்லை.